செவிக்கா, கண்ணுக்கா?
வலையொலி வடிவம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

இன்று நம் தமிழ் மக்களிடையே, நகரத்திலும் தோட்டத்திலும், வலையொலி என்னும் புதுவகைப் பேச்சு பரவி வருகின்றது. நூல் எழுத நேரமில்லாதவர் பேசுகின்றனர். நூல் படிக்க நேரமில்லாதவர் கேட்கின்றனர். இவ்விரு சாராரையும் இணைக்கும் இச்சாதனத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் இதனைத் தொடங்க எண்ணும் இளைஞர் பலரும் முதலிற் கேட்பது, 'எதைப் பேசுவது?' என்பதன்று, 'ஒலியாக மட்டும் வெளியிடுவதா, படமுஞ் சேர்த்துக் காணொளியாக வெளியிடுவதா?' என்பதே. கேள்வி சிறிதாகத் தோன்றும். ஆராய்ந்து பார்த்தால், அது நம் சமூகத்தில் யார் பேசலாம், யார் கேட்கலாம் என்பதையே தீர்மானிக்குங் கேள்வியாக விரிகின்றது. ஆதலின் இதனைக் கருவி விற்போரிடமும் விளம்பரக்காரரிடமும் விட்டுவிடாமல், இலக்கிய விஷயமாகவும் சமூக விஷயமாகவுங் கொண்டு ஆராய்வது தகும்.

பெயரும் பிறப்பும்

ஆங்கிலத்தார் இதனை 'பாட்காஸ்ட்' என்பர். 'ஐபாட்' என்னும் சிறு இசைப்பெட்டியின் பெயரையும், ஒலிபரப்பைக் குறிக்குஞ் சொல்லையும் ஒட்டி இப்பெயர் பிறந்தது. 2004-ம் ஆண்டு பிப்ரவரியில் பென் ஹாமர்ஸ்லி என்னும் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் 'கார்டியன்' இதழில் எழுதிய கட்டுரையில் இச்சொல் முதன்முதல் இடம் பெற்றது. 2005-ம் ஆண்டு ஜூனில் ஆப்பிள் கம்பெனி தனது ஐட்யூன்ஸ் நிரலில் வலையொலிகளுக்கு இடங்கொடுத்தபின் இது பொதுமக்களிடையே பரவிற்று. 2022-ல் ஐபாட் விற்பனையே நிறுத்தப்பட்டது. பெட்டி போயிற்று, பெயர் நின்றது. பிறப்பில் இது காதுக்கென்றே ஏற்பட்ட கலை என்பதை இப்பெயரே நினைவூட்டுகின்றது.

ஆயினும் காலம் மாறியுள்ளது. தன் தளத்தில் வலையொலி நுகர்வோர் மாதந்தோறும் 100 கோடிக்கு மேற்பட்டவர் என யூடியூப் 2025 பிப்ரவரியில் அறிவித்தது. ஒலிக்கே பெயர்போன ஸ்பாட்டிபை கம்பெனியும் காணொளிக்குப் பணங்கொடுத்து ஊக்கமளிக்கின்றது. 2009-ல் தொடங்கி உலகெங்கும் பரவிய ஜோ ரோகன் என்பாரின் நீண்ட உரையாடல்கள், 2020-ல் ஸ்பாட்டிபைக்கே உரியனவாக ஒப்பந்தமாகி, 2024-ல் மீண்டும் யூடியூபுக்குந் திரும்பின. இவற்றைக் கண்ட நம் இளைஞர், 'காலம் காணொளியின் பக்கம். ஒலி பழங்கதை' என முடிவு கட்டிவிடுகின்றனர்.

இம்முடிவு அவசர முடிவு என்பதே நம் கருத்து. கூட்டம் எங்கே கூடுகின்றது என்பது வியாபாரியின் கேள்வி. எந்தப் பொருளை, எந்த மக்களுக்கு, எந்நிலையிற் கொடுப்பது என்பதே எழுத்தாளனும் சீர்திருத்தக்காரனும் கேட்கவேண்டிய கேள்வி.

கேள்வியும் தமிழரும்

தமிழர் அறிவைப் பெற்ற வழிகளுள் செவி தலையாயது. திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரமும் கல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தபின், உடனேயே 42-வது அதிகாரமாகக் கேள்வியை வைத்தார். படிக்க வாய்ப்பில்லாதவனுக்கும் அறிவின் வாயில் அடைபடவில்லை என்பதே அவ்வைப்பின் உட்பொருள். இதற்கு நேர்மாறாக, வேதத்தைக் கேட்குஞ் சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றுமாறு கௌதம தர்மசூத்திரம் விதித்தது. தமிழ்நூல் காதைத் திறந்தது. வருணநூல் காதை அடைத்தது. காது அத்துணை வலிமையுடைய உறுப்பு என்பதை ஆதிக்கக்காரர் நன்கறிந்திருந்தனர். அவர்கள் அஞ்சியது எளியவன் பார்த்துவிடுவான் என்றன்று; கேட்டுவிடுவான் என்றே.

பிற்காலத்திலும் இதுவே வழி. படிப்பகத்திலும் தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, எழுத்தறியாதார் சுற்றியிருந்து கேட்டே சுயமரியாதைக் கருத்துக்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிற் பரவின. 1952-ல் வெளிவந்த 'பராசக்தி' படத்தை எடுத்துக்கொள்வோம். படமோ கண்ணுக்குரியது. ஆயினும் கலைஞர் மு. கருணாநிதி எழுதிய அதன் வசனம் இசைத்தட்டேறி, கொட்டகைக்குப் போகாதவர் காதையும் எட்டியது. இளைஞர் அதனை மனப்பாடஞ் செய்து மேடைகளில் முழங்கினர். நடிகர் முகத்தைப் பார்த்து மகிழ்ந்தவர் பலர். ஆனால் அவர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றது சொல்லையே.

நம் நாட்டிலேயே வேற்றுமொழிச் சகோதரரிடம் ஒரு சான்று உண்டு. சிங்கப்பூரில் 1949-ல் ரெடிபியூஷன் என்னும் கம்பிவழி ஒலிபரப்பு தொடங்கியது. அதில் லீ டாய் சோர் என்னுங் கதைசொல்லி கான்டனீஸ் மொழியிற் கதை சொல்லுவார். காப்பிக் கடையிலும் வீட்டிலும் வேலை செய்துகொண்டே சீன மக்கள் அவர் கதைகளைக் கேட்டனர். அவர்கள் முன் தோன்றியது முகமன்று. ஒரு பெட்டியும் ஒரு குரலுமே. 1963 பிப்ரவரியில் சிங்கப்பூரிலும், அவ்வாண்டு டிசம்பரில் மலேசியாவிலும் தொலைக்காட்சி தொடங்கியபோது, வானொலியின் காலம் முடிந்ததென்று சொன்னவர் உண்டு. மின்னல் எப்.எம். ஒலியும் ஒலி 96.8-இன் ஒலியும் இன்றுந் தமிழர் அடுக்களையிற் கேட்கின்றனவே! படம் வந்தது; ஆனால் வேலை செய்யுங் கைகளுக்கு ஓய்வு வரவில்லை. ஆகவே குரலுக்குந் தேவை நீங்கவில்லை.

உழைப்பவர் காது

இவ்விடத்தே விஷயத்தின் மையத்துக்கு வருகின்றோம். காணொளி, பார்ப்பவனுடைய கண்ணையுங் கையையும் இருக்கையையுங் கேட்கின்றது. ஒலியோ காதை மட்டுமே கேட்கின்றது. ஓய்வுள்ளவனுக்கு இவ்வித்தியாசம் சிறிது. உழைப்பவனுக்கோ இதுவே எல்லாம்.

தோட்டத்துக் கிராணிகளாகப் பெரட்டையும் செக்ரோலையும் பார்த்துப் பழகிய நாம், தொழிலாளியின் நாள் எவ்வாறு கழிகின்றதென்பதை அறிவோம். ரப்பர் மரத்தில் விடியற்குளிரிலேதான் பால் நன்கு வடியும். ஆதலின் பால்வெட்டுவோர் நெற்றி விளக்குடன் இருளிலேயே நிரைக்குட் செல்வர். கத்தி பட்டையில் ஓர் அளவுக்குமேல் இறங்கினால் மரத்துக்குக் காயம். கண் முழுதும் கத்தி நுனியில் இருக்கும். காது மட்டுஞ் சும்மா இருக்கும். தோட்டத்தைவிட்டு நகரத்தின் ஓரங்களிற் குடியேறிய நம் மக்களின் நிலையும் இதுவே. தொழிற்சாலைக்குப் பஸ்ஸிற் போகும் பெண், இரவுக்காவல் புரியும் முதியவர், லாரி ஓட்டுபவர், நான்கு பேருக்குச் சமைத்துவிட்டுத் துணி மடிக்குந் தாய் ஆகிய இவர்களுக்கெல்லாம் பகலில் எஞ்சுவது செவி ஒன்றே. இவர்களிடம் 'ஒரு மணி நேரம் எம் முகத்தைப் பாருங்கள்' என்று கேட்பது, 'உங்களுக்காக நாம் பேசவில்லை' என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். எல்லா வேலையிலுங் காது சும்மா இருப்பதில்லை. செம்பனைக் குலை வெட்டுவோர் மட்டை முறியும் ஓசையைக் கேட்டே விலகவேண்டும். மோட்டார் சைக்கிளில் செல்வோர் பின்வரும் வண்டியின் ஓசையைக் கேட்கவேண்டும். இவர்கள் இரு காதையும் அடைத்துக்கொண்டு எந்தச் சொற்பொழிவையுங் கேட்கலாகாது. அறிவு உயிரைவிடப் பெரிதன்று.

அடுத்தது செலவு. விநாடிக்கு 64 கிலோபிட்டு வீதம் பதிந்த பேச்சொலி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 29 மெகாபைட்டு இடங்கொள்ளும். விநாடிக்கு 2.5 மெகாபிட்டு வீதம் ஓடுங் காணொளியோ ஒரு மணி நேரத்துக்கு 1,125 மெகாபைட்டு விழுங்கும். அதாவது ஏறக்குறைய 39 மடங்கு. காணொளி ஒன்றுக்கு ஆகுந் தரவைக் கொண்டு ஒலியுரை முப்பத்தொன்பது கேட்கலாம். மாதம் இவ்வளவு என்று அளந்து தரவு வாங்கும் குடும்பத்துக்கும், தொடர்பலை மெலிந்த தோட்டத்து உட்பகுதியில் வாழ்வோர்க்கும் இக்கணக்கு அற்பமன்று. ஒலியை நகரத்தில் இறக்கி வைத்துக்கொண்டு காட்டிற் கேட்கலாம்.

'ஒலி வேண்டுபவர் காணொளியை ஓடவிட்டுக் காதால் மட்டுங் கேட்டுக்கொள்ளட்டுமே' என்று சிலர் சொல்லுவர். யூடியூபின் கைப்பேசி நிரலில், பெரும்பாலான நாடுகளில், சந்தா கட்டினாலன்றித் திரையை அணைத்தபின் ஒலி தொடர்வதில்லை. திரை எரிந்துகொண்டே இருக்க, மின்கலந் தீர, தரவுங் கரைய, கேளாத படத்துக்கும் ஏழை விலை கொடுக்கிறான். இது தானம் என்று சொல்லிக் கூலி வாங்குவது போன்றதன்றோ?

முகமும் குரலும்

கேட்பவர் நிலை கண்டோம். இனிப் பேசுபவர் நிலையைக் காண்போம். சீர்திருத்தக் கருத்துடையார் இதனைக் கூர்ந்து நோக்கவேண்டும்.

ஒரு பெண் தன் மணவாழ்க்கையில் நேர்ந்த கொடுமையைச் சொல்ல விரும்புகிறாள் என்று கொள்வோம். அவளைக் காணொளியில் உட்காரவைத்தால் முதலிற் பேசப்படுவது அவள் சொன்ன நியாயமன்று. அவள் நிறம், அவள் புடவை, அவள் நெற்றி, அவள் வயது. கறுப்பை இழிவென்று கருதும் மடமை நம் மக்களிடமிருந்து இன்னும் ஒழியவில்லை. சிவந்த மேனியாள் சொன்னால் 'பாவம்' என்பதும், கரிய மேனியாள் சொன்னால் சிரிப்பதும் நாம் கண்கூடாகக் காணுங் கீழ்மை. தொழிலாளி ஒருவன் தன் கூலிக்குறையைச் சொன்னாலும் அவன் சட்டையே முதலிற் பேசும். அன்றியும், முகந் தெரிந்தால் வேலைக்கும் குடியிருப்புக்கும் ஆபத்து நேருமென்று அஞ்சுவோர் பலர். முகத்தை விடுத்துக் குரலை மட்டுங் கேட்கச் செய்தால், இவர்களுட் பலர் துணிந்து வாய் திறப்பர்.

ஆனால் இதனை மிகைப்படுத்தலாகாது. குரலும் முழுமையாக மறைவதில்லை. பேச்சு வழக்கைக் கொண்டே ஊரையும் சாதியையும் ஊகித்து எள்ளுவோர் உளர். தெரிந்தவர் காதுக்குக் குரலே முகமாகும். முகத்தை மறைத்துப் பொய் பரப்புவோருக்கும் ஒலி இடங்கொடுக்கும். ஆகவே ஒலி காப்பாற்றும் என்று சொல்லவில்லை; காணொளியைவிடக் குறைவாகக் காட்டிக்கொடுக்கும் என்றே சொல்லுகிறோம்.

படம் தீர்ப்பை எவ்வாறு திருப்புகின்றதென்பதற்கு அமெரிக்க அரசியல் ஓர் உதாரணந் தருகின்றது. 1960 செப்டம்பர் 26-ல் கென்னடியும் நிக்ஸனும் சிகாகோவில் வாதிட்டனர். அது தொலைக்காட்சியிலும் வானொலியிலும் ஒருங்கே ஒலித்தது. பார்த்தவர் கென்னடியே வென்றாரென்றும், கேட்டவர் நிக்ஸனே வென்றாரென்றுங் கருதினர் என்னுங் கதை உலகெங்கும் வழங்குகின்றது. கதை அழகானது, ஆதாரமோ மெலிந்தது. 1987-ல் வான்சில், பெண்டெல் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் அதன் அடிப்படை உறுதியற்றதென எடுத்துக்காட்டினர். பின்னர், ஜேம்ஸ் டிரக்மன் என்னும் அறிஞர் அவ்வாதத்தையே ஒரு சாராருக்குக் காட்டியும் ஒரு சாராருக்கு ஒலியாகக் கேட்பித்தும் சோதித்து, முடிவை 2003-ல் வெளியிட்டார். பார்த்தவர் பேசியவரின் ஆளுமைத் தோற்றத்தை அதிகம் மதித்துத் தீர்ப்பளித்தனர். இது நம் கட்சிக்குச் சாதகம். ஆனால் அதே சோதனையில், பார்த்தவர், அதிலும் அரசியற்பயிற்சி குறைந்தவர், விஷயத்தையும் அதிகங் கற்றனர் என்றுந் தெரிந்தது. இது நம் கட்சிக்குப் பாதகம். இரண்டையுஞ் சொல்வதே நேர்மை. படம் மயக்கவுஞ் செய்யும், கற்பிக்கவுஞ் செய்யும். எங்கே எது என்று பிரித்தறிவதே அறிஞர் வேலை.

படம் பேசும் இடம்

ஆதலின் காணொளியை நாம் பழிக்கவில்லை. படத்துக்கே உரிய இடங்கள் உண்டு. செவிப்புலனற்றோர்க்குச் சைகைமொழியிற் பேச வேண்டுமாயின் காணொளியே வழி. கருவியைக் கழற்றிப் பூட்டக் கற்பிப்பதற்கும், கணக்கைப் பலகையிற் போட்டு விளக்குவதற்கும், கல்வெட்டையும் பழஞ்சுவடியையுங் காட்டுவதற்கும், கூத்தையும் நாட்டியத்தையும் ஆராய்வதற்கும் கண் வேண்டும். இவற்றை ஒலியாக மட்டுங் கொடுப்பவன், பசித்தவனுக்குச் சோற்றின் மணத்தை மட்டுங் கொடுப்பவன் ஆவான்.

அவ்வாறே ஒலியைத் தேர்ந்தவருக்கும் ஒரு கடமை உண்டு. காது கேளாதவர்க்கும், கேட்டதை மீண்டும் எடுத்துப் பார்க்க விரும்புவோர்க்கும் எழுத்து வடிவம் வேண்டும். ஒலி மட்டுமுள்ள பதிவுக்கு எழுத்து மாற்று இருத்தல் வேண்டுமென்பது, 2008-ல் வெளியான உலகளாவிய வலைத்தள அணுக்க நெறிகளில் அடிப்படைப் படியிலேயே வைக்கப்பட்டுள்ளது. தமிழ் வலையொலிகளில் எத்தனை இதனைக் கவனிக்கின்றன? 'அனைவருக்கும்' என்று முகப்பில் எழுதிவிட்டுச் செவிடரை வாயிலில் நிறுத்துவது எவ்வகைச் சமத்துவம்?

இருபாற் குற்றங்கள்

இனி, இன்று வெளிவருந் தமிழ் ஆக்கங்களின் பொதுக் குற்றங்களைச் சொல்லுவோம். ஒருவரைக் குறித்தன்று, போக்கைக் குறித்தே.

காணொளிக்காரர் பலரின் படைப்பில் உண்மையில் காணத்தக்கது யாதுமில்லை. இரண்டு நாற்காலி, இரண்டு ஒலிவாங்கி, பின்னே வண்ண விளக்கு, நடுவே ஒரு தொட்டிச் செடி! இருவர் சிரிக்கின்றனர், கால்மணி நேரஞ் சென்றபின்னரே விஷயந் தலைகாட்டுகின்றது. பெரும்பணமும் பொழுதும் விளக்குக்கும் ஒப்பனைக்குஞ் செலவாக, நூலைப் படித்து ஆயத்தஞ் செய்யப் பொழுது மிஞ்சுவதில்லை. முகப்புப் படத்திலோ வியப்பால் வாய்பிளந்த முகம்; உள்ளே வியக்க ஒன்றுமில்லை. இது நாடகமும் அன்று, சொற்பொழிவும் அன்று, முகங்காட்டும் வேலை.

ஒலிக்காரரின் குற்றம் வேறு. இவர்கள் கட்டுரையை அப்படியே உரக்கப் படித்துவிட்டு, அது வலையொலி என்கின்றனர். கண்ணுக்கு எழுதிய வாக்கியம் காதுக்கு ஏறாது. படிப்பவன் திரும்பிப் பார்க்கலாம். கேட்பவன் திரும்ப இயலாது. ஆகையால் பெயர்களை மீண்டுஞ் சொல்லவேண்டும். எண்களைச் சிலவாக்கி ஒப்பிட்டுக் காட்டவேண்டும். வாக்கியத்தை மூச்சின் அளவுக்குச் சுருக்கவேண்டும். இன்னுஞ் சிலர் ஒலியுரையிலே 'இதோ பாருங்கள்' என்கின்றனர், எதைப் பார்ப்பது? ழகர ளகர லகர வேறுபாடு கெட, மூன்று சொல்லுக்கு இரண்டு ஆங்கிலமாகப் பேசுவோரும் பலர். முகமில்லாத கலையில் சொல்லே முகம். அதனைக் கழுவாமல் வெளியே வருதல் தகுமா?

ஒலி மட்டுங் கொண்டு உயர்ந்த ஆக்கம் இயலுமா என்று ஐயுறுவோர்க்கு ஓர் ஆங்கில முன்மாதிரியைக் காட்டலாம். 2014-ல் அமெரிக்காவில் வெளியான அதன் பெயர் 'சீரியல்'. நம் வீடுகளில் மாலைதோறும் கண்ணீர் வடிக்குந் தொடர் என எண்ணற்க. 1999-ல் பால்டிமோர் நகரில் நடந்த ஒரு மாணவியின் கொலையையும், அதற்காகத் தண்டிக்கப்பட்ட இளைஞனின் வழக்கையும் சாரா கோனிக் என்னும் அம்மையார் 12 பகுதிகளில் ஆராய்ந்தார். கைதியுடன் அவர் பேசியது சிறைத் தொலைபேசி வழியே. அங்கே குறைபாடாக இருந்ததே கலையாயிற்று. கேட்பவன் முகத்தைக் கண்டு 'நல்லவன்', 'கெட்டவன்' என முடிவுசெய்ய இடமில்லை. குரலையும் சான்றையும் தயக்கத்தையும் எடைபோட்டே தீரவேண்டும். ஐயமே அவ்வாக்கத்தின் பொருள். ஒலியே அவ்வையத்துக்கு ஏற்ற வடிவம். பீபாடி விருது பெற்ற முதல் வலையொலி அதுவே. குறையும் உண்டு: கொலையுண்ட பெண்ணின் வாழ்வு பின்தள்ளப்பட்டது, கேட்டவர் பலர் உண்மைத் துயரத்தைத் துப்பறியும் விளையாட்டாக்கினர். வடிவத்தை நன்கு தேர்வதனால் அறக்கடமை தீர்ந்துவிடுவதில்லை என்பதையும் நாம் அதிலிருந்தே கற்கலாம்.

முதியோர் வாக்கு

இவ்வாராய்ச்சி வெறுந் தர்க்கமன்று என்பதற்கு நம் வீட்டுக் காரியம் ஒன்றைச் சொல்வோம். 1942, 1943-ம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த சயாம்-பர்மா இரயில்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர், திரும்பாதவரும் பல்லாயிரவர். வெள்ளைக் கைதிகளின் துன்பத்துக்கு நூலும் படமும் பல உண்டு. நம் தொழிலாளரின் துன்பத்துக்கு உள்ளவை சிலவே. போய்த் திரும்பியோர் அனேகமாய் மறைந்துவிட்டனர். அவர் சொல்லக் கேட்ட பிள்ளைகளே இன்று முதியோர். தோட்டத்து வாழ்வு, கங்காணியின் ஆட்சி, கள்ளுக்கடை, தமிழ்ப் பள்ளி, சங்கம் கட்டிய வரலாறு ஆகிய யாவும் இவர்கள் நாவிலேயே உள்ளன. இவர்கள் போனால் அவையும் போகும்.

இவர்களை எவ்வடிவிற் பதிவது? விளக்கும் படக்கருவியுங் கொண்டு முன்னே நின்றால், முதியவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, மேடைப்பேச்சுப் பேசத் தொடங்குகின்றார். சிறு ஒலிக்கருவியை மேசைமேல் வைத்துவிட்டு, உறவினர் ஒருவர் 'தாத்தா, அந்தக் காலத்தில் எப்படி?' என்று கேட்டால் வாழ்க்கையே பேசுகின்றது. சிங்கப்பூர் அரசாங்கம் வாய்மொழி வரலாற்றுப் பகுதியை 1979-ல் தொடங்கியபோது ஒலிப்பதிவையே பெரும்பாலும் நம்பியது. இன்றும் அவை ஆராய்ச்சியாளர்க்குப் பயன்படுகின்றன. எனினும், கையில் உள்ள தழும்பும், பழைய புகைப்படமும், கருவியைப் பிடித்துக் காட்டும் விதமும் ஒலியில் அடங்கா. ஆகவே முதலிற் குரலைப் பதிக; பின், அவர் இசைந்தால், காட்டவேண்டியதை மட்டும் படமாக எடுக்க. பாதுகாப்புக்கு இரண்டும் இருக்கட்டும். பரப்புதற்கு ஒலி முந்தட்டும்.

யாருடைய திண்ணை?

இறுதியாக ஒன்று. வலையொலி ஆதியில் ஒருவருக்கும் உரியதன்றிப் பொதுவாக ஏற்பட்டது. வெளியிடுபவன் தன் பதிவுகளின் பட்டியலை ஒரு கோப்பாக வைப்பான்; எந்த நிரலும் அதனைப் படித்துக் கேட்பவனுக்குக் கொடுக்கலாம். அம்முறைக்கு ஆர்.எஸ்.எஸ். என்று பெயர். பெயரொற்றுமை கண்டு சுயமரியாதைத் தோழர்கள் திடுக்கிடவேண்டா. அது வெறும் எழுத்துச் சுருக்கமே! அம்முறையின் சிறப்பு யாதெனில், ஒரு கடை மூடினாலும் சரக்கு நம் கையிலிருக்கும். 2024-ல் கூகிள் தன் வலையொலி நிரலை மூடிற்று. பொதுப் பட்டியல் வைத்திருந்தோர்க்கு அதனால் வாய் அடைபடவில்லை. கேட்பவர் வேறு நிரலுக்கு மாறிக்கொண்டனர். காணொளியை ஒரே கம்பெனியின் தளத்தில் மட்டும் வைப்பவன் பிறர் திண்ணையிற் கடை போடுபவன். திண்ணைக்காரன் விதியை மாற்றினால் இவன் மூட்டையைக் கட்டவேண்டியதே. பத்திரிகைக்குச் சொந்த அச்சகம் வேண்டுமென நம் முன்னோர் ஏன் பாடுபட்டனர் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும்.

முடிவு

எனவே, வலையொலி தொடங்க விரும்பும் நண்பர்களுக்கு நாம் கூறும் உரைகல் மிக எளிது. உங்கள் காணொளியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். எதுவும் குறையவில்லையாயின், படம் வீண். அதனை எடுத்துவிட்டு, அச்செலவைப் படிப்பிலும் ஆயத்தத்திலும் இடுங்கள். கண்ணை மூடியதும் பொருள் மறைந்ததாயின், படம் தேவை; அதனைத் தயங்காமற் கொடுங்கள். இரண்டும் வெளியிட வசதியிருப்பின், ஒலிக்கென்றே பேசி, ஒலியைத் தனியாகவும் பொதுப் பட்டியலிலும் வெளியிட்டு, எழுத்தையும் உடன் வையுங்கள். படம் அதன்மேல் வருவதாக.

பார்ப்போர் எண்ணிக்கை குறையுமே என்று சிலர் கவலுவர். குறையலாம். ஆனால் விடியலில் நிரைக்குட் செல்பவரும், இரவில் வாயிற்காக்கும் முதியவரும், முகங்காட்ட அஞ்சி இதுகாறும் வாய்மூடியிருந்த பெண்ணும் அவ்வெண்ணிக்கையில் இடம் பெறவில்லை. அவர்களையுஞ் சேர்த்து எண்ணுவதற்குப் பெயரே சீர்திருத்தம். ஒரு காலத்தில் ஈயம் ஊற்றி அடைக்கப் பார்த்த காதுகள் அவை. இன்று அவை திறந்திருக்கின்றன. அவற்றுக்கு நல்ல தமிழில் நல்ல பொருளை ஊற்றுவதே பேசத் தெரிந்தவர் கடமை.